விளைமீனோடு ஒரு புதன்கிழமை

பத்தரமுல்லையில் மெஷின் படுத்துவிட்டது.
"வியாழன் வாங்க" என்று
பாஸ்போர்ட் கந்தோர் கையை விரித்தது.
ஹப்புத்தளைக்காரன் எனக்குக்
கொழும்பில் ஒரு புதன்கிழமை சும்மா கிடைத்தது.

கொட்டாஞ்சேனை லொட்ஜில் மூட்டைப்பூச்சி.
விடியுமுன்னே முகத்துவாரம் நடந்தேன்,
கடல் பார்க்க.
கடலை மறைத்துப் படகுகள்,
படகை மறைத்துப் பெட்டிகள்,
பெட்டியை மறைத்து மனிதர்கள்,
எல்லோருக்கும் முன்னால் பூனைகள்.

"நிண்டு பாக்கிறதுக்குக் காசில்ல தம்பி,
வழியில நிக்கிறதுக்குத்தான் காசு,"
என்றாள் கொன்சிலியா. கையில் கத்தி.
வெட்கத்தில் ஒரு விளைமீன் வாங்கினேன்.
"தலைய எடுக்கவா?"
"வேணாம்."
ஏன் வேணாம் என்றேன், தெரியாது.
சமைக்க அடுப்பில்லை,
அறையில் இருந்தது ஒரு கேத்தல் மட்டும்.

எனக்குக் கடல் புதிது.
மீனுக்குக் கரை புதிது.
இரண்டு பேரும் ஊர் பார்க்கக் கிளம்பினோம்,
ஒரு கிலோ ஐஸ், இரண்டு ஷொப்பிங் பேக்,
நவ்பரின் பச்சை ஓட்டோ.

கொச்சிக்கடையில் அந்தோனியார் முன்
மெழுகுதிரி பிடித்த சனத்துக்கிடையே
என் பையிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
முழந்தாளில் நின்ற ஒருத்தி
திரும்பி மூக்கைச் சுளித்தாள்,
பிறகு என்ன நினைத்தாளோ,
நகர்ந்து இடம் விட்டாள்.

புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பள்ளிவாசல்.
"மாதுளம்பழத்த வெட்டி வச்ச மாதிரி,
இல்லையா?" என்றார் நவ்பர்,
அவரே கட்டினதைப் போல.

தாமரைக் கோபுர வாசலில்
பையை ஸ்கேனருக்குள் விட்டார்கள்.
திரையில் சதை இல்லை, செதில் இல்லை,
நடுமுள்ளும் அதில் கோத்த சின்ன முள்ளுகளும்
ஒரு சீப்பு நீந்துவது போல
இடமிருந்து வலமாய்ப் போயின.
காவல்காரப் பையன் இன்னொருவனைக் கூப்பிட்டான்.
இரண்டாந்தரமும் நீந்தவிட்டான்.
மேலே கொண்டுபோக முடியாதாம்.
அப்படியானால் நானும் போகவில்லை என்றேன்.
நவ்பர் சிரித்த சிரிப்பில்
ஓட்டோ ஒருமுறை நின்று எடுபட்டது.

காலிமுகத்தில்தான் முதன்முதலாய்
மறைக்க எதுவுமில்லாத கடல்.
எங்கள் ஊர் மூட்டம் பள்ளத்தில் கிடப்பது போலத்தான்,
ஆனால் இது சும்மா கிடக்கவில்லை.
இறால் வடை தின்றேன். பட்டம் பார்த்தேன்.
யாரும் பார்க்காத நேரம்
பையின் வாயைத் திறந்து
அலைப்பக்கம் திருப்பிப் பிடித்தேன்.
மீனின் கண் வெளுத்திருந்தது.
அது ஒன்றும் சொல்லவில்லை.
நான் கட்டாருக்குப் போகப்போவதை
அதனிடம் மட்டும் சொன்னேன்,
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு ஐஸ் முழுக்கத் தண்ணீர்.
"இனித் தாங்காது," என்று நவ்பர்
போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்:
"ஒரு மீன் வருது. ஆளொண்டும் வருது."

மாளிகாவத்தை மாடிவீடு, நாலாம் தட்டு.
அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து
செதிலை நான்தான் உரிக்கவேண்டும் என்றாள்.
குழாயடியில் குந்தினேன். பழக்கமில்லை.
முகத்தில் பறந்தது, சுவரில் பறந்தது,
அவர்களின் கடைக்குட்டி எண்ணிக் கத்தினாள்.
பால் ஆணம், கொறுக்காப் புளி, சுடுசோறு.
தலை எனக்குத்தான் வந்தது.
ஜன்னலில், இரண்டு கட்டடங்களுக்கிடையே,
ஒரு விரலகலம் கடல்.

வியாழன்.
பத்தரமுல்லையில் மெஷின் எழும்பியிருந்தது.
பெருவிரலை வைத்தேன்,
ரேகை விழவில்லை.
மறுபடி வைத்தேன்,
மறுபடியும் இல்லை.
உத்தியோகத்தர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.
நகத்தோரம் தொடங்கி நடுவிரல்சதைவரை
கண்ணாடி மாதிரி ஒரு செதில்
ஒட்டிக் காய்ந்திருந்தது.

"கழுவிட்டு வாங்க," என்றார்.

குழாயடிக்குப் போய்
கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறக்காமல் நின்றேன்.